ராஜ்தூத்துக்கு வளைகாப்பு

கரிசல்குடியில் வேலுத்தாயிடம் நாற்பத்தேழு மோட்டார் சைக்கிள்கள் இருந்தன. அவற்றில் ஒன்று முழுகாமல் இருக்கிறது என்பது ஆவணி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை தெரியவந்தது. நம்பாதவர்கள் பஸ்ஸேறிப் போய் டீக்கடை மொக்கையாவைக் கேட்டுக்கொள்ளலாம், அவர் உட்காரவைத்து ஒரு டீயும் கொடுத்து நான் சொல்வதைவிட இரண்டு மடங்கு சொல்லுவார். செவ்வாய்க்கிழமை என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நாற்பத்தேழு வண்டியையும் தினமும் கிளப்ப ஒரு மனுஷியால் ஆகாது. கிளப்பாமலே போட்டாலோ பெட்ரோல் பிசினாகி கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும், டேங்குக்குள் துரு பூக்கும், நின்ற நிலையிலேயே டயர் சப்பிப்போகும், எலி வந்து வயரைக் கடித்துக் குடும்பம் நடத்தும். அதனால் திங்கள் முதல் சனி வரை நாளைக்கு ஏழு, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று அவள் முறை வைத்திருந்தாள். முறை வந்த வண்டியைத் துடைத்து, பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்து, செயினுக்கு எண்ணெய் காட்டி, உதைத்துக் கிளப்பி, கால்மணி நேரம் ஓடவிட்டு, சக்கரத்தை அரைச்சுற்று உருட்டி வைத்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவாள். முழுகாமல் இருந்தது ராஜ்தூத், அதன் முறை செவ்வாய்க்கிழமை.

ஊர்க்கோடியில் ஒருகாலத்தில் பஞ்சு மூட்டை அடுக்கி, பிறகு பூட்டிக்கிடந்த கிட்டங்கிதான் வேலுத்தாயின் வீடு, பட்டறை, உலகம் எல்லாம். முன்பக்கம் ஊரார் வண்டிகளுக்கு வேலை பார்ப்பாள், பின்பக்கம் அவளுடையவை வரிசையாக நிற்கும். ஜாவா, எஸ்டி, புல்லட், பெயரே அழிந்துபோன நாலைந்து மொபெட்டுகள். "இது இனி தேறாது வேலுத்தாய், இரும்புக்குத்தான் போடணும்" என்று எவனாவது சொன்னால் போதும், அந்த வார்த்தையைக் கேட்டதும் அவளுக்கு எங்கிருந்தோ ஒரு கோபம் வரும், "தேறாதுன்னு சொல்ல நீ யாருடா? நிறுத்திட்டுப் போ" என்பாள். இரும்புக் கடைக்காரன் என்ன கொடுப்பானோ அதைக் கொடுத்து வாங்கி, ஆறு மாதமோ ஆறு வருஷமோ மல்லுக்கட்டி, ஒருநாள் அதைக் கிளப்பிக் காட்டுவாள். அப்புறம் விற்கமாட்டாள். வைத்து என்ன செய்யப்போகிறாய் என்று கேட்காத ஆள் அந்த ஊரில் இல்லை, ஒருத்தருக்கும் அவள் பதில் சொன்னதுமில்லை.

முதலில் வந்தது ராஜ்தூத். அது அவள் புருஷன் தங்கப்பாண்டியின் வண்டி. ஒட்டங்குளத்தில் அவனோடு ஏழு வருஷம் குடித்தனம் நடத்தினாள், பிள்ளை இல்லை. ஊசி, கஷாயம், மண்சோறு, அடிபிரதட்சணம் என்று அவள் உடம்பில் படாத பாடில்லை. அவன் மட்டும் ஒரு டாக்டர் வீட்டு வாசல்படியையும் மிதிக்கவில்லை. ஏழாம் வருஷம் ஒரு காலையில் இரண்டு சேலையை ஒரு மஞ்சப்பையில் திணித்து அவள் கையில் கொடுத்து, "பஸ்ஸு பத்தரைக்கு" என்று சொல்லிவிட்டு அவன் கிணற்றுக்குக் குளிக்கப் போனான். வாசலில் ராஜ்தூத் சாவியோடு நின்றது. ஏழு வருஷமும் விடியக்காலையில் அதைத் துடைத்துப் பளபளப்பாக்கியது அவள்தான், ஆனால் பொம்பளை ஏறினால் வண்டிக்கு ஆகாது என்று அதன்மேல் உட்கார ஒருநாளும் விட்டதில்லை. அவள் மஞ்சப்பையை ஹேண்டில்பாரில் மாட்டினாள். அவன் உதைக்கிற மாதிரியே உதைத்தாள். மேலும் சில கியர்கள் உண்டு என்பதே தெரியாமல், முதல் கியரிலேயே, முப்பத்தெட்டு கிலோமீட்டர், இன்ஜின் நெருப்பாய்க் கொதிக்க, கண்மாய் கண்ட இடத்திலெல்லாம் நிறுத்தி ஆறவிட்டு, உச்சி வெயிலில் பிறந்த ஊரான கரிசல்குடி வந்து சேர்ந்தாள். பெண்டாட்டி வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள் என்று வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு தங்கப்பாண்டி, "போறவ போகட்டும்னு நான்தான் குடுத்தேன்" என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தான். இதெல்லாம் நடந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது.

அந்த ராஜ்தூத்துதான் ஆவணியில் காலையானால் பெட்ரோலைக் கக்க ஆரம்பித்தது. வேலுத்தாய் கார்புரேட்டரைப் பிரித்து மேய்ந்தாள், ஊசியை மாற்றினாள், மிதவையை மாற்றினாள், கேட்கவில்லை. டேங்கு வேறு பக்கவாட்டில் லேசாகப் புடைத்திருந்தது. அந்த நேரம் பார்த்துத் தன் வண்டிக்குப் பிரேக் பார்க்க வந்தார் நர்சம்மா எஸ்தர். சுகாதார நிலையத்தில் முப்பது வருஷம் பிரசவம் பார்த்து ஓய்வுபெற்றவர், கைப்பையில் எப்போதும் ஸ்டெதாஸ்கோப் இருக்கும். கொஞ்ச நேரம் ராஜ்தூத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், "கிளப்பு" என்றார். ஓடுகிற இன்ஜினில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார், இடம் மாற்றி வைத்துக் கேட்டார், அணைக்கச் சொல்லிவிட்டு மறுபடியும் கேட்டார்.

"வேலுத்தாய், அணைச்ச பிறகும் உள்ள சின்னதா ஒண்ணு ஓடிக்கிட்டு இருக்கு. மூணு மாசம் இருக்கும்."

வேலுத்தாய் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.

மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஆச்சரியப்படுவதற்கு யாருக்கும் நேரமில்லை, ஏனென்றால் ஆளுக்கொரு யோசனை வைத்திருந்தார்கள். மசக்கைக்காரிக்கு வாய்க்குப் புளிப்பாகக் கொடுக்கவேண்டும், வண்டிக்குப் புளிப்பென்றால் பேட்டரி ஆசிட்தானே என்று மொக்கையா ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு வந்து எஸ்தரிடம் திட்டு வாங்கினார். கிட்டங்கித் தெருவில் ஆரன் அடிப்பது நின்றது. தகப்பன் யார் என்ற பேச்சு டீக்கடையில் ஒரு மாதம் ஓடியது, பக்கத்தில் நின்ற எஸ்டியா, இரண்டு வண்டி தள்ளி நின்ற புல்லட்டா என்று கட்சி பிரிந்து கைகலப்பு வரை போய், கடைசியில் வேலுத்தாயிடமே கேட்டார்கள். "எதுவா இருந்தா என்ன? சுமக்கிறது இதுதான" என்று சொல்லிவிட்டு அவள் பம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஏழாம் மாதம் மார்கழியில் வந்ததால் வளைகாப்பை ஒன்பதாம் மாதத்துக்குத் தள்ளி, மாசியில் ஒரு புதன்கிழமை வைத்தார்கள். கிட்டங்கியைக் கழுவிக் கோலம் போட்டு, ராஜ்தூத்துக்குப் பட்டுச்சேலை சார்த்தி, ஹெட்லைட்டில் சந்தனம் பூசி, தேங்காய்ச் சாதம், புளிச்சாதம், எலுமிச்சைச் சாதம் என்று அண்டா அண்டாவாக வந்து இறங்கியது. பிள்ளை பெற்ற சுமங்கலிகள் ஏழு பேர் வளையல் தட்டோடு முன்னால் நின்றார்கள். வேலுத்தாய் பழக்கதோஷத்தில் பின்னால் போய்க் கழிவு ஆயில் டிரம்முக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். கூடப்பிறந்த தங்கச்சி வளைகாப்பில்கூட அவளுக்கு அடுப்படியில்தான் வேலை கொடுத்தார்கள், பிள்ளையில்லாதவள் கை பட்டால் ஆகாதென்று. இப்போதும் பக்கத்து வீட்டுக்காரி பாசமாகத்தான் சொன்னாள், "ஆமா மதினி, நீங்க அங்கனயே நின்னு பாருங்க."

அங்கனயே நின்னு பார்க்கிறதா? இருபத்தாறு வருஷம் துடைத்தவள் இவள், ஒழுகிய இடமெல்லாம் அடைத்தவள் இவள், ஒருநாள் முறை தவறாமல் உதைத்துக் காலில் ஆணி விழுந்தவள் இவள். கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு முன்னால் வந்தாள், கிரீஸ் படிந்த கையாலேயே தட்டிலிருந்து ஒரு கண்ணாடி வளையலை எடுத்து ஹேண்டில்பாரில் மாட்டினாள்.

"என் வண்டிக்கு நான் போடாம எவ போடுவா?" என்றாள். அவள் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தாள். "போடக்கூடாதுன்னு ஒதுங்கி நிக்கிறவுக இன்னும் யாராரு இருக்கீங்க? வாங்க முன்னாடி. இங்க நான் சொல்றதுதான் சட்டம்."

அப்புறம் சுவரோரமாக நின்ற ஒரு வெள்ளைச்சேலை நகர்ந்தது. அதன் பின்னால் புருஷன் விட்டுப்போன ஒருத்தி, கல்யாணமே ஆகாத ஒருத்தி, பன்னிரண்டு வருஷமாய்க் கோயில் கோயிலாய்ச் சுற்றுகிற ஒருத்தி. அன்றைக்கு ராஜ்தூத்தின் இரண்டு கையிலும் ஆக்சிலேட்டரைத் திருக முடியாத அளவுக்கு வளையல் ஏறியது. சுமங்கலிகள் ஏழு பேரும் மிச்சமிருந்ததைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை, உச்சிப்பொழுது, கரண்டு போயிருந்த நேரத்தில் வலி கண்டது. எஸ்தர் வருவதற்குள் ஊர்ப்பெண்கள் சுகப்பிரசவம் ஆகட்டும் என்று ஒரு படி விளக்கெண்ணெயை டேங்கில் ஊற்றிவிட்டார்கள். வேறு வண்டியாக இருந்தால் பிளக்கு அடைத்து எல்லாம் நின்றிருக்கும். இது பெட்ரோலோடு ஆயில் கலந்து குடித்துப் பழகிய வண்டி, சத்தமில்லாமல் குடித்துக்கொண்டது. ஒரு மணி நேரம் கிட்டங்கி முழுக்க விளக்கெண்ணெய்ப் புகை. புகை அடங்கியபோது ராஜ்தூத்துக்கு அடியில், ஆயிலில் நனைந்து, ஆட்டுக்குட்டி உயரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் கிடந்தது. தேங்காய் அளவு டேங்கு, கையில் அமுக்கினால் அமுங்குகிற டயர், கத்தரிப்பூ நிறம். கம்பெனி பெயர் இல்லை, நம்பர் இல்லை. பீ என்று ஒருதரம் கத்தியது. வேலுத்தாய் அதை மடியில் தூக்கிப் போட்டுக்கொண்டு, ஐம்பத்திரண்டு வயதில், ஊரே பார்க்க ஓவென்று அழுதாள்.

மூன்று சேலையை ஒன்றாக முறுக்கி உத்தரத்தில் தொட்டில் கட்டினார்கள். ஏழாம் நாள் தொப்புள்கொடி காய்ந்து விழுந்தது, பார்த்தால் அது ஒரு சாவி. வேலுத்தாய் அதைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். ஒன்பதாம் நாள் ஹெட்லைட் கண்ணாடியின் மங்கல் தெளிந்தது. பல் முளைக்கிற மாதிரி ஆறாம் வாரம் ஸ்டாண்டு முளைத்தது, அதுவரை அது தாய்மேல் சாய்ந்துதான் நின்றது. கண்ணுபடும் என்று டேங்கில் மைப்பொட்டு வைத்தார்கள். பாலாடையில் பெட்ரோல் குடித்தது, பிறகு கிண்ணத்தில், பிறகு லிட்டர் கணக்கில். ஆனி பிறந்தபோது முழு வண்டியாக வளர்ந்து நின்றது, அதன்மேல் இன்னும் ஒருத்தரும் ஏறவில்லை.

அந்த ஆனியில்தான் தங்கப்பாண்டி வந்தான். வேட்டி சட்டையில், தலைக்குச் சாயம் அடித்துக்கொண்டு, ஒரு கையில் ராஜ்தூத்தின் ஆர்.சி. புத்தகம். பின்னால் அவன் இரண்டாம் பெண்டாட்டி பவளம், பழத்தட்டோடு. அவளுக்கும் இருபது வருஷமாகப் பிள்ளை இல்லை. நேரே பஞ்சாயத்துத் தலைவர் சுப்புராமைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அவரையும் ஊர்ப்பெரியவர்கள் நாலு பேரையும் கூட்டிக்கொண்டே கிட்டங்கிக்கு வந்தான். கூட்டம் தானாகச் சேர்ந்தது.

"என் வண்டி பெத்தது என் வாரிசு" என்றான் தங்கப்பாண்டி. "இன்னைக்கு வரைக்கும் புத்தகம் என் பேர்ல இருக்கு. மூணாம் மாசம் முறைப்படி சீரோட வந்திருக்கேன். அழைச்சுக்கிட்டுப் போகணும்."

"போறவ போகட்டும்னு நீங்கதான வண்டியக் குடுத்ததாச் சொன்னீங்க?" என்றாள் வேலுத்தாய்.

"வண்டியத்தான் குடுத்தேன். வயித்துல வர்றதையுமா குடுத்தேன்?"

கூட்டத்தில் இரண்டு மூன்று தலைகள் ஆடின. சுப்புராம் தொண்டையைச் செருமிக்கொண்டு நியாயம் சொன்னார். அந்த நியாயத்தையும் கேளுங்கள். இவர் தள்ளிவைத்தது பெண்டாட்டியை, வண்டியை இல்லை. ஆகவே வண்டி தாய்வீட்டுக்கு வந்த மாதிரி வந்து பெற்றிருக்கிறது. பெற்றது எங்கே என்றாலும் பிள்ளை தகப்பன் வீட்டுக்குத்தான் சேரும், அதுதான் காலங்காலமாக நடப்பது. "தாய நீயே வச்சுக்கோ வேலுத்தாய், அவரும் பெருந்தன்மையா விட்டுக்கொடுக்கிறாரு. பிள்ளைய அனுப்பிரு." சரிதானே, முறை அதுதானே என்றது ஊர். விளக்கெண்ணெய் ஊற்றிய ஊர்தான், தொட்டில் கட்டிய ஊர்தான்.

"முறையா?" என்று கத்தினாள் வேலுத்தாய். "எனக்கு ஊசி போட்ட எடமெல்லாம் இன்னும் தழும்பா இருக்கு. இவரை ஒருத்தராவது போய் ஒரு டெஸ்டு எடுத்துட்டு வாய்யான்னு சொன்னீங்களா? அப்ப எங்க போச்சு உங்க முறை?"

"ஆம்பளைக்கு எதுக்குடி டெஸ்ட்டு?" என்றான் தங்கப்பாண்டி. எஸ்தர் மட்டும் த்தூ என்று துப்பினார்.

கொடுக்கமாட்டேன் என்று குறுக்கே படுத்துக்கொள்ளலாம், ஆனால் நாளைக்கு ஆள் வரும், நாளை மறுநாள் புத்தகத்தோடு போலீசு வரும். அவள் பிள்ளையைப் பார்த்தாள். பக்கத்தில் பவளம் நின்றிருந்தாள். பேச்சு எதையும் கேட்கிற மாதிரித் தெரியவில்லை. பழத்தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, முந்தானை நுனியை விரலில் சுற்றி, டேங்கு மூடியின் விளிம்பைச் சுற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த விளிம்பில்தான் புழுதி தங்கும், விரலில் துணி சுற்றித்தான் எடுக்கமுடியும், அது தினமும் துடைக்கிறவளுக்கு மட்டும்தான் தெரியும்.

வேலுத்தாய் அவள் கிட்டே போனாள். "இப்ப அங்க இருக்கிற வண்டிய நீதான் துடைக்கிறியா?"

"ஆமாக்கா. தெனமும் விடியக்காலம்."

"ஏறியிருக்கியா?"

"பின்னாடிதான். முன்னாடி உட்கார விடமாட்டாக."

வேலுத்தாய் குரலைத் தாழ்த்தினாள். "உனக்கும் மஞ்சப்பை குடுத்தாச்சா?"

பவளம் தலையைக் குனிந்துகொண்டாள். "ரெண்டு தடவை. ரெண்டு தடவையும் எங்கண்ணன் வந்து கால்ல விழுந்தான்."

வேலுத்தாய் நிமிர்ந்தாள். "சரி. பிள்ளைய அனுப்புறேன்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். சுப்புராம் கும்பிட்டார், தங்கப்பாண்டி மீசையைத் தடவினான். அவள் யாரையும் பார்க்காமல் வேலையில் இறங்கினாள். பெட்ரோலில் ஆயில் கலந்து டேங்கை நிரப்பினாள். காற்றை அமுக்கிப் பார்த்தாள். செயின் தளர்வை எடுத்தாள், பிளக்கைக் கழற்றித் தேய்த்து மாட்டினாள், பிரேக்கைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தாள். ஒருமணி நேரம் ஆனது. முழு நேரமும் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது, அதை அவள் துடைக்கவுமில்லை மறைக்கவுமில்லை. கடைசியில் அந்த மைப்பொட்டை மறுபடியும் வைத்தாள். கழுத்திலிருந்த கறுப்புக் கயிற்றைக் கழற்றினாள்.

தங்கப்பாண்டி கையை நீட்டினான். அவள் அவனைத் தாண்டிப்போய்க் கயிற்றைப் பவளத்தின் கழுத்தில் போட்டாள்.

"பிள்ளையக் குடுத்துட்டேன்" என்றாள். "இவகிட்டக் குடுத்துட்டேன்."

"ஏய், சாவிய இங்க கொண்டா" என்றான் தங்கப்பாண்டி.

பவளம் சாவியைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள். "எனக்கு ஓட்டத் தெரியாதுக்கா" என்றாள்.

"எனக்கும் அன்னைக்குத் தெரியாது" என்றாள் வேலுத்தாய்.

பவளம் பழத்தட்டைப் புருஷன் நீட்டிய கையிலேயே வைத்தாள். சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். பொம்பளை கையால் குடித்து வளர்ந்த பழக்கமோ என்னவோ, ஒரே உதையில் வண்டி கிளம்பியது. ஒரு குலுக்கல், ஒரு திமிறல், கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. "கிளட்ச்சப் பிடி! கிளட்ச்சப் பிடி தாயீ!" என்று மொக்கையா கத்திக்கொண்டே பின்னால் ஓடினார். அந்த ஊர் இருக்கிறதே, இவ்வளவு நேரம் முறை பேசிய ஊர், அவள் வேப்பமரத்தில் மோதாமல் ஒடித்துத் திருப்பியதும் விசிலடித்தது. தங்கப்பாண்டி புத்தகத்தை ஒரு கையிலும் தட்டை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு சுப்புராமைப் பார்த்தான். பிள்ளை தகப்பன் வீட்டுப் பொம்பளையோடு போகிறது, இதில் முறைக்கு என்ன குறை என்று சுப்புராமுக்கும் சொல்லத் தெரியவில்லை.

கிட்டங்கிச் சுவரில் ஆணியில் ஒரு மஞ்சப்பை தொங்கியது, இருபத்தாறு வருஷமாக அதில் துடைக்கிற பஞ்சுக் கழிவு போட்டுவைத்திருந்தாள். வேலுத்தாய் அதை எடுத்து உதறினாள். தட்டிலிருந்த வாழைப்பழத்தையும் ஆரஞ்சையும் பைக்குள் போட்டாள், வெற்றிலைபாக்கை மேலே வைத்தாள், தட்டை வாங்கி ஓரமாக வைத்துவிட்டுப் பையைத் தங்கப்பாண்டி கையில் கொடுத்தாள்.

"பஸ்ஸு மூணேகாலுக்கு" என்றாள்.

பிறகு அவள் வாசலில் நின்று காது கொடுத்துக் கேட்டாள். முதல் கியர்ச் சத்தம், பிள்ளை வீறிடுகிற மாதிரி, பள்ளிக்கூடம் தாண்டி, கண்மாய்க்கரை தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. பாலத்துக்கு அந்தப்புறம் பாதை இரண்டாகப் பிரியும், இடதுபக்கம் போனால் ஒட்டங்குளம், வலதுபக்கம் மெயின் ரோடு. சத்தம் பாலத்தில் ஒரு கணம் தயங்கியது, அப்புறம் வலதுபக்கம் திரும்பியது. திரும்பிய கையோடு டக்கென்று ஒரு சின்ன வெட்டு, அதன்பின் வீறிடல் அடங்கி இன்ஜின் நிதானமாக ஓடத் தொடங்கியது.

"ரெண்டாவது போட்டுட்டா" என்றாள் வேலுத்தாய், பக்கத்தில் நின்ற எஸ்தரிடம். அன்றைக்கு முப்பத்தெட்டு கிலோமீட்டரிலும் வேலுத்தாய்க்குக் கிடைக்காத கியர் அது. "அஞ்சு நிமிசம் ஆகல, அதுக்குள்ள போட்டுட்டா பாரேன்!"